மூன்றாம் முடக்குக் கற்கள்

தேன்கூட்டுப் பள்ளம் என்று ஒரு மலையிடுக்கு. இரண்டு பக்கமும் பாறை சுவர் எழுப்பினாற்போல் நிற்கும். நடுவே ஓடை. ஓடைக்கு மேலே, பாறையின் இடுப்பில் ஒட்டியாணம் கட்டினாற்போல் ஒரு ஒற்றையடிப் பாதை. ஐந்து முடக்கு வளைந்து ஏறினால் சுனையம்மன் சந்நிதி. அதற்கும் மேலே பதினாறு வீடுகள் உள்ள மேல்குடி. மேல்குடிக்கு ரேஷன் அரிசி ஏறுவதும், அங்கிருந்து தேனும் நெல்லிக்காயும் இறங்குவதும் அந்தப் பாதை வழிதான். பிள்ளை பெறப் போகிறவளும் அதில்தான் இறங்கியாக வேண்டும். வேறு வழி கிடையாது.

பள்ளத்தின் வாயில் ஒரு மடம். ஓடு வேய்ந்த இரண்டு அறை, ஒரு அடுப்பு, ஒரு தண்ணீர்த் தொட்டி. மலை ஏறுகிறவர்களுக்குக் கஞ்சி ஊற்றுகிற இடம்.

அங்கே இருந்தது இரண்டே பேர். குருவை எல்லோரும் மடத்தம்மா என்பார்கள். வயது நாற்பத்து மூன்று. சீடர் பூவலிங்கம். வயது அறுபத்தொன்று. வருகிறவர்கள் நரைத்த தாடியைப் பார்த்துவிட்டு நேரே பூவலிங்கத்தின் காலில் விழப் போவார்கள். அவர் சுடுதண்ணீர் பட்டவர் மாதிரி துள்ளி விலகுவார்.

“நான் இல்லீங்க. அங்க, அங்க. வெங்காயம் உரிக்கிறாங்க பாருங்க, அவங்க.”

பூவலிங்கம் முப்பத்து நாலு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். ஓய்வு பெற்ற நாலாம் மாதம் மனைவி போய்ச் சேர்ந்தாள். திருமங்கலத்தில் இருந்த சொந்த வீட்டைப் பூட்டினார். சாவியை அரைஞாண் கயிற்றில் கோத்துக்கொண்டு சுனையம்மனைப் பார்க்க மலை ஏறினார். இறங்கும்போது மடத்தில் கஞ்சி குடித்தார். இன்னும் ஒரு கரண்டி கேட்டார். அப்படியே தங்கிவிட்டார்.

வெள்ளிக்கிழமை தோறும் அந்தச் சாவிக்குத் தேங்காய் எண்ணெய் தடவித் துடைப்பார். துருப்பிடிக்கக் கூடாதே.

ஒருநாள் மடத்தம்மா கேட்டார். “அது என்ன சாவி ஐயா?”

“வீட்டுச் சாவிம்மா.”

“வீட்ல யாரு இருக்கா?”

“யாரும் இல்ல. அவ படுத்திருந்த கட்டில் இருக்கு. அவ கடைசியாக் காயப்போட்ட சேலை கொடியில கிடக்கு. யாரும் தொடக் கூடாதுன்னு பூட்டிட்டேன்.”

மடத்தம்மா கஞ்சிப் பானையைக் கிளறப் போனார்.

மலை ஏறுகிறவர்களை வழியனுப்புவது பூவலிங்கத்தின் வேலை. அதைப் பழைய வேலை மாதிரியேதான் செய்தார்.

“முன்னாடி போங்க, முன்னாடி போங்க. பாட்டிலைக் கீழ போடாதீங்க. பாறைப் பக்கமா ஒட்டி நடங்க. மூணாவது முடக்குல மறக்காம மூணு கல்லு அடுக்கி வேண்டிக்கங்க, சொந்த வீடு அமையும். ரைட்!”

கல் அடுக்கி வேண்டிக்கொள்வது பல மலைகளில் உள்ள வழக்கம்தான். தேன்கூட்டுப் பள்ளத்தில் மட்டும் இல்லாமல் இருந்தது. அதை அங்கே ஆரம்பித்து வைத்தவர் பூவலிங்கம்.

எல்லாம் மகளுக்காக. பாண்டீஸ்வரி மதுரையில் வாடகைக்கு இருந்தாள். எட்டு வருஷத்தில் ஆறு வீடு மாறிவிட்டாள். இரண்டு பிள்ளைகளையும் பாத்திரம் பண்டத்தையும் தூக்கிக்கொண்டு அவள் அலைவதை நினைத்தால் தகப்பனுக்குச் சோறு இறங்காது. மூன்றாம் முடக்கில், பாதைக்கு மேலே இருந்த சரிவில், தோசைக்கல் மாதிரி தட்டைத் தட்டையாகச் சின்னக் கற்கள் செருகிக் கிடந்தன. கைக்கு எட்டும் உயரம். இழுத்தால் வந்தது. எதிரே சற்றுத் தள்ளி இருந்த தட்டையான சப்பாறையில் மூன்றை அடுக்கி, கண்ணை மூடி, “தாயே, எம் பொண்ணுக்கு ஒரு வீடு” என்றார்.

பின்னால் வந்தவர்கள் பார்த்தார்கள். அவர்களும் அடுக்கினார்கள். இரண்டரை வருஷத்தில் அந்தச் சப்பாறை ஒரு ஊர் மாதிரி ஆகிவிட்டது. முந்நூறு நானூறு கல்வீடுகள். பூவலிங்கம் வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை ஏறி, தன் அடுக்கில் ஒரு கல் கூட்டி வைப்பார். அது ஒன்பது கல் உயரம் நின்றது.

அந்த ஐப்பசியில் இரண்டு நாள் விடாத மழை. திங்கட்கிழமை மத்தியானம் பாண்டீஸ்வரி போன் பண்ணினாள். மடத்துக்குப் பின்னால் ஒரு பாறை மேல் ஏறி நின்றால்தான் பேச்சு தெளிவாகக் கேட்கும். பூவலிங்கம் குடையைப் பிடித்துக்கொண்டு ஏறினார்.

“அப்பா, இந்த வீட்டையும் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. வீட்டுக்காரர் மகனுக்குக் கல்யாணமாம். மாசக் கடைசிக்குள்ள.”

“அடடா.”

“அப்பா… நம்ம வீடு சும்மாதானே பூட்டிக் கிடக்கு.”

“அது அம்மா இருந்த இடம்டா. அதை விடு. நான் மேல ஏறி ஒரு கல்லு வச்சு வேண்டிக்கிறேன். இந்தத் தடவை நிச்சயம் அமையும்.”

“சரிப்பா” என்றாள்.

செவ்வாய்க்கிழமை விடிந்து வெளிச்சம் வந்த நேரம். மலை ஒரு முறை தொண்டையைச் செருமியது. அப்புறம் நெல் மூட்டையைக் கவிழ்த்துக் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம். ரொம்ப நேரம் கொட்டியது.

மடத்தம்மாவும் பூவலிங்கமும் போய்ப் பார்த்தார்கள்.

மூன்றாம் முடக்கில் பாதை இல்லை. இருபது இருபத்தைந்து அடிக்குச் சுத்தமாக இல்லை. மேலே இருந்து யானை யானையாக நாலைந்து பாறை இறங்கி, பாதையையும் அதைத் தாங்கிய கல்கட்டையும் வாரிக்கொண்டு ஓடையில் போய் உட்கார்ந்திருந்தது. ஓடைத் தண்ணீர் செம்மண் நிறத்தில் கொதித்தது. ஆண்டவன் புண்ணியம், அந்த நேரத்தில் ஒருவரும் பாதையில் இல்லை.

ஆனால் எதிரே சப்பாறையில் இருந்த கல்வீடுகளில் ஒன்றுகூடச் சாயவில்லை. பூவலிங்கம் இரண்டு கையையும் தலைமேல் கூப்பினார்.

“பாத்தீங்களாம்மா. மலையே விழுந்தும் வேண்டுதல் நிக்குது!”

மடத்தம்மா எதிர்ச் சரிவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் வனக்காவலர் வந்தார். பாதை வாயில் கயிறு கட்டினார். நடக்கிற பதத்துக்கு வரும்வரை யாரையும் விட வேண்டாம் என்று சொல்லிப் போனார்.

மேல்குடிக்காரர்கள் காத்திருக்கவில்லை. சரிந்த இடத்தில் கயிறு போட்டு, அதைப் பிடித்துக்கொண்டு அரிசி மூட்டையோடு கடந்தார்கள். மூன்றாம் நாள் சடையனின் மனைவி அதில் வழுக்கிக் கை எலும்பை முறித்துக்கொண்டாள்.

சடையன் மேல்குடியில் கல்கட்டுக் கட்டுகிறவன். சுண்ணாம்பு, சிமெண்டு எதுவும் இல்லாமல் கல்லின் மேல் கல்லை உட்கார வைத்தே சுவர் எழுப்புவான். சரிந்த இடத்தை நடந்து பார்த்தான், தொட்டுப் பார்த்தான், முகர்ந்துகூடப் பார்த்தான்.

“பெரிய பாறை தானா எறங்காது கண்டக்டரே. அதுக்கு அடியில சில்லு சில்லா சின்னக் கல்லு முட்டுக் குடுத்து நிக்கும். அது இங்கன கைக்கு எட்டுற உயரத்துல இருந்துச்சு. நான் சின்னப் பிள்ளையில பாத்திருக்கேன். அதெல்லாம் எங்க போச்சு?”

கேட்டுவிட்டுத் திரும்பினான். சப்பாறையைப் பார்த்தான். முந்நூறு நானூறு வீடு.

“அட” என்றான். அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடத் தேவலை.



அன்று மத்தியானம் மடத்து அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. பூவலிங்கம் அடுப்படியில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

“அம்மா, ஒரு சந்தேகம்.”

“சொல்லுங்க ஐயா.”

“உள்ளங்கை அகலக் கல்லும்மா. அதை உருவுனதுக்கா இவ்வளவு பெரிய மலை சரியும்?”

மடத்தம்மா குனிந்தார். மூன்று கல் அடுப்பில் ஒரு கல் குட்டை. அதன் தலையில் ஓட்டுச்சில் ஒன்று செருகிப் பானையை மட்டம் பார்த்திருந்தது. கரண்டிக் காம்பால் அந்தச் சில்லைத் தட்டிவிட்டார்.

பானை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பாதிக் கஞ்சி நெருப்பில் கொட்டிப் புகைந்தது.

“ஐயையோ! என்னம்மா இது!”

“அடுப்பைத் துடைங்க ஐயா.”

அன்றைக்கு இரண்டு பேருக்கும் அரைவயிறுதான். பூவலிங்கம் சாம்பலை வாரிக்கொண்டே யோசித்தார். அப்படியானால் மலையைச் சரித்தது நான்தானா? ஆனால் வேண்டித்தானே எடுத்தேன்? திருடவா செய்தேன்? கும்பிட்ட கை எப்படி மலையைப் பெயர்க்கும்? எந்தப் பக்கம் போனாலும் சுவரில் முட்டியது.

ஞாயிற்றுக்கிழமை வேலை தொடங்கியது. சடையனும் மேல்குடியிலிருந்து ஆறேழு பேரும் வந்தார்கள். ஓடையில் இறங்கிக் கடப்பாரை போட்டுப் பெரிய கல்லைப் புரட்டினார்கள். கயிறு கட்டி ஏற்றினார்கள். ஓடைக்குச் சற்று மேலே அடித்தளம் போட்டார்கள். இரண்டு வரிசை எழும்பியதும் சடையன் கையைத் தட்டி மண்ணை உதறினான்.

“இனிமே சந்துல இறுக்கச் சில்லு வேணும். அது இல்லாமப் பெரிய கல்லு ஆடும்.”

“ஓடையில கிடக்குமே?” என்றார் பூவலிங்கம்.

“சின்னதை எல்லாம் தண்ணி அடிச்சிட்டுப் போயிருச்சு.”

“வேற பக்கம் சரிவுல எடுத்தா?”

சடையன் சிரித்தான். “எடுக்கலாம். அடுத்த மழைக்கு அந்தப் பக்கம் வந்து நாம கட்டுவோம்.” சப்பாறையைக் காட்டினான். “அது போதும். இந்த எடத்துக் கல்லுதானே, இந்த எடத்துலயே ஒக்காரும்.”

பூவலிங்கம் ஓடினார். அறுபத்தொரு வயதில் மூன்று முடக்கையும் ஓடியே இறங்கி மடத்துக்கு வந்தார்.

“அம்மா! அம்மா! வேண்டுதலை எல்லாம் கலைக்கச் சொல்றான். ஒவ்வொண்ணும் ஒரு குடும்பம்மா. கலைச்சா பாவமில்லையா? கலைக்கலைன்னாலும் பாவம், அவன் பொண்டாட்டி கை ஒடிஞ்சு கிடக்கா. நான் எந்தப் பாவத்தைப் பண்ண?”

மடத்தம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“ஒவ்வொண்ணாப் பிரிங்க ஐயா. பிரிக்கிறப்போ அது யாருதுன்னு சொல்லிக் குடுங்க.”

“எல்லாம் எப்படிம்மா ஞாபகம் இருக்கும்?”

“இல்லாததுக்கு, யாரோ ஒருத்தர்னு சொல்லுங்க.”

பூவலிங்கம் திரும்பி ஏறினார். சப்பாறையில் மண்டி போட்டார். முதல் அடுக்கிலிருந்து ஒரு கல்லை எடுத்து நீட்டினார்.

“இது வாடிப்பட்டி டீக்கடைக்காரரு.”

சடையன் வாங்கிச் சந்தில் வைத்துச் சுத்தியால் ஒரு தட்டுத் தட்டினான். “டீக்கடை ஒக்காந்தாச்சு.”

“இது ஒரு புருஷன் பொஞ்சாதி. சண்டை போட்டுக்கிட்டே அடுக்குனாங்க. அந்தம்மாவுக்கு மாடி வேணும், அவருக்குத் தோட்டம் வேணும்.”

“ரெண்டு பேரையும் தள்ளித் தள்ளி வைக்கிறேன்.”

“இது ஒரு நர்ஸம்மா. இது… யாரோ ஒருத்தர்.”

“யாரோ ஒருத்தர் வந்தாச்சு. அடுத்த யாரோ ஒருத்தர், உள்ள வாங்க, உள்ள வாங்க, படியில நிக்காதீங்க. ரைட்!” என்று கண்டக்டர் குரலிலேயே கூவினான் சடையன்.

எல்லோரும் சிரித்தார்கள். பூவலிங்கத்துக்கும் சிரிப்பு வந்தது. சிரித்தது சரியா தப்பா என்று அப்புறம் ஒரு மணி நேரம் உறுத்தியது.

செவ்வாய்க்கிழமை காவலர் கட்டிய கயிற்றையும் தாண்டி ஒருத்தி ஏறி வந்துவிட்டாள். வடிவு என்று பெயர். செங்கல் சூளையில் வேலை செய்கிறவள். போன தையில் மூன்று கல் அடுக்கிவிட்டுப் போனவள். நேரே சப்பாறைக்குப் போனாள். பாதிக்கு மேல் காலியாக இருந்ததைப் பார்த்தாள். தன் மூன்று கல்லைக் கண்டுபிடித்து அதன் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

“யாராவது தொட்டீங்க, நடக்குறதே வேற.”

“அம்மாடி, பாதைக்கும்மா” என்றார் பூவலிங்கம்.

“நீங்கதானேய்யா அடுக்கச் சொன்னீங்க? ரைட்டு ரைட்டுன்னு கத்தினீங்களே? இப்ப நீங்களே பிரிக்கிறீங்க?”

யாரோ போய்ச் சொல்லி மடத்தம்மா மேலே வந்தார். வடிவு எழுந்து நிற்கவில்லை. மடத்தம்மா அவள் எதிரில் உட்கார்ந்தார்.

“உங்க கல்லு இருக்கட்டும்மா. யாரும் தொட மாட்டாங்க. சாப்பிட்டீங்களா?”

பூவலிங்கத்துக்குத் தலை சுற்றியது. மடத்தம்மாவைத் தனியே நிறுத்திக் கேட்டார்.

“என்னம்மா இது? நேத்து எல்லாத்தையும் பிரிங்கன்னீங்க. இன்னைக்கு இருக்கட்டும்கிறீங்க. கத்தினா ஒரு நியாயம், கத்தாட்டி ஒரு நியாயமா? எனக்கு ஒண்ணும் விளங்கலை.”

“எனக்கும் சில நாள் விளங்குறதில்ல ஐயா. அந்த அம்மாவுக்குத் தண்ணி கொண்டாங்க.”

வடிவு மத்தியானம் வரை அங்கேயே இருந்தாள். கல்லுக்குக் காவல். அப்போது மேல்குடிப் பெண்கள் இரண்டு பேர் அரைகுறையாக எழும்பிய கட்டின் மேல் அரிசி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு கடந்தார்கள். பின்னால் போனவளின் காலடியில் ஒரு பெரிய கல் பல் ஆடுகிற மாதிரி ஆடியது. அவள் மூட்டையைப் பிடிப்பதா பாறையைப் பிடிப்பதா என்று ஒரு கணம் திணறி, எப்படியோ தாண்டினாள். கீழே ஓடை.

வடிவு அதைப் பார்த்தாள். தன் மூன்று கல்லையும் பார்த்தாள். மேல் கல்லை எடுத்துக்கொண்டு எழுந்து வந்தாள்.

“அண்ணே, அந்த ஆடுற கல்லுக்கு இது ஆகுமான்னு பாருங்க.”

சடையன் செருகிப் பார்த்தான். “ஆகுமே. கச்சிதமா ஆகுது.”

“மாடியை எடுத்துக்கங்க. தரை வீடு எனக்குப் போதும்” என்றாள். திரும்பி மீதி இரண்டு கல்லையும் பார்த்தாள். “சரி, அதையும் எடுத்துக்கங்க. நான் எடம் கிடைச்சப்புறம் வேற வைக்கிறேன்.”

கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, சுனையம்மன் இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, விடுவிடென்று இறங்கிப் போய்விட்டாள். அவளுக்கு மனசு லேசாகிவிட்டதென்று முதுகைப் பார்த்தாலே தெரிந்தது. அது எப்படி என்றுதான் பூவலிங்கத்துக்குத் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் போன் வந்தது. பாறை மேல் ஏறினார்.

“அப்பா, இன்னும் ஒம்பது நாள்தான். வீடு எதுவும் அமையல. ரெண்டு பிள்ளைங்கன்னாலே யோசிக்கிறாங்க.”

“அம்மன் கைவிட மாட்டாடா.”

“அம்மனை நான் கேக்கலப்பா. உங்களைத்தான் கேக்குறேன்.”

“கேட்டுக்கிட்டேதான்டா இருக்கேன் நானும். ஒம்பது கல்லு வச்சிருக்கேன் உனக்கு.”

“என்னப்பா வச்சிருக்கீங்க?”

“கல்லு.”

போன் வைக்கப்பட்டுவிட்டது. மழைக்கு லைன் போயிருக்கும் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு சப்பாறையில் எது காலியானாலும் ஓரத்தில் ஒரே ஒரு அடுக்கு மட்டும் நின்றது. ஒன்பது கல். பூவலிங்கம் அந்தப் பக்கம் போகாமலே மற்றதை எல்லாம் எடுத்துக் கொடுத்தார். நாலு நாள் அப்படிப் போயிற்று. இந்த நேரத்தில் இதைக் கலைத்தால் மகள் தெருவில் நிற்பாளே. கலைக்காவிட்டால், மற்றவர்கள் வேண்டுதலை எல்லாம் எடுத்துக் கொடுத்துவிட்டுத் தன்னதை மட்டும் ஒளித்து வைத்தவன் என்று ஆகுமே. தாயே, ஒரு வழி காட்டு என்று வேண்டினார். வேண்டும்போதே, இந்த வாயால்தானே முந்நூறு பேரை அடுக்கச் சொன்னோம் என்று நினைவு வந்து பாதியில் நின்றது.

சனிக்கிழமை சடையன் கேட்டான்.

“கண்டக்டரே, அந்த ஓரத்துல ஒண்ணு நிக்குதே, கோபுரமாட்டம். அது யாருது?”

“யாரோ ஒருத்தர்” என்றார் பூவலிங்கம்.

சடையன் அவர் முகத்தைப் பார்த்தான். வேறு கல் கேட்டு வாங்கிக்கொண்டான்.

இரண்டு நாள் அவருக்குச் சாப்பாடு செல்லவில்லை. திங்கட்கிழமை காலையில் எழுந்து, குளித்து, திருநீறு பூசி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மூன்றாம் முடக்குக்கு ஏறினார். ஒன்பது கல்லையும் ஒவ்வொன்றாக எடுத்துக் கண்ணில் ஒற்றித் துண்டில் வைத்தார். துண்டை முடிந்தார். கண்ணில் நீர் வழிந்தது.

“சடையா, இந்தா. இது எம் மக பாண்டீஸ்வரியுது.”

சடையன் கட்டின் மேல் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான்.

“முடிஞ்சிருச்சே கண்டக்டரே.”

“என்ன முடிஞ்சுது?”

“கட்டு. நேத்துப் பொழுது சாயறப்பவே முடிஞ்சது. வந்து ஏறி நில்லுங்க, குதிச்சுப் பாருங்க. ஒரு விரல் நுழைய எடம் இல்ல.”

“ஒரு கல்லாவது?”

“எங்க வைக்க? மேல வச்சா கால் இடறும். செருகணும்னா இன்னொண்ணை உருவணும்.” வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சிரித்தான். “உருவட்டுமா?”

“வேண்டாம், வேண்டாம்!”

அந்த நேரத்தில் மேலேயிருந்து மேல்குடி ஆட்கள் இறங்கி வந்தார்கள். சடையனின் மனைவி கையைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு முன்னால் வந்தாள். கட்டின் மேல் கால் வைத்தாள். நின்று ஒரு மிதி மிதித்தாள். நகர்ந்து இன்னொரு மிதி. அவள் கால் பட்ட இடத்தில்தான் வாடிப்பட்டி டீக்கடைக்காரர் இருந்தார். அதற்குக் கீழே எங்கோ நர்ஸம்மா. ஒன்றும் ஆடவில்லை. அவள் தாண்டிப் போனாள். பின்னால் ஒவ்வொருவராகத் தாண்டினார்கள்.

பூவலிங்கம் துண்டு மூட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கி வழி விட்டார்.

திரும்பச் சப்பாறைக்குப் போனார். பழைய இடத்திலேயே வைத்துவிடலாமா? சப்பாறை கழுவி விட்ட தளம் மாதிரி வெறுமையாகக் கிடந்தது. அங்கே ஒரே ஒரு அடுக்கு நின்றால், நாளைக்கு வருகிறவன் பார்ப்பான். பார்த்தால் அடுக்குவான். அடுக்கக் கல் வேண்டுமென்றால் சரிவில் கை வைப்பான். குனிந்தவர் நிமிர்ந்தார்.

ஓடையில் போட்டுவிடலாமா? மகள் வீட்டையா?

சரிவில் இருந்த இடத்திலேயே செருகலாமா என்றால், அந்தச் சரிவே இல்லை. அந்த இடத்தில் இப்போது வானம் தெரிந்தது.

கொடுக்கவே மனசு வராமல் ஒரு வாரம் பிடித்து வைத்திருந்த கல். கொடுக்கத் துணிந்த நாளில் வாங்க ஆள் இல்லை. இதென்ன கணக்கு தாயே என்று முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார். மூன்று முடக்கு இறங்குவதற்குள் அந்த ஒன்பது கல் அவர் தோளை இழுத்துவிட்டது.

மடத்தில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பானை மட்டமாக உட்கார்ந்திருந்தது. ஓட்டுச்சில் மறுபடியும் அதன் இடத்தில் இருந்தது. மடத்தம்மா தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

பூவலிங்கம் போய் எதிரில் நின்றார். மடித்துக் கட்டிய வேட்டிக்கு மேலே அரைஞாண் கயிறு வெளியே வந்திருந்தது. எண்ணெய் போட்டுத் துடைத்த சாவி வெயிலில் மின்னியது.

“அம்மா.”

“சொல்லுங்க ஐயா.”

“கட்டு முடிஞ்சுதும்மா. இதுக்கு அங்க எடம் இல்லைன்னுட்டான். இதை நான் எங்க வைக்கட்டும்?”

“என்ன அது?”

“எம் மக வீடும்மா.”

மடத்தம்மா கையில் இருந்த சாம்பலைக் கழுவினார். முந்தானையில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்.

“எதைக் கேக்குறீங்க ஐயா? துண்டுல இருக்குறதையா, இடுப்புல இருக்குறதையா?”

எந்த ஊருக்கு எங்கே இறங்க வேண்டும் என்று முப்பத்து நாலு வருஷம் கேட்டவர்களுக்கெல்லாம் சட்டென்று பதில் சொன்ன மனிதர். குனிந்து இடுப்புச் சாவியைப் பார்த்தார். துண்டின் முடிச்சு தளர்ந்து, ஒரு கல் நழுவி, அவர் காலடியில் விழுந்தது.